செவிலியின் கதையும் சிப்காட்டின் சங்கும்

தொல்காப்பியர் செய்யுள் பிறக்கும் நிலங்களை ஏழாகப் பகுத்தார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன அவை. ஐந்தாவதாக நிற்கும் பிசி, இன்று விடுகதை என வழங்கப்பெறுவதே. அவையில் அரங்கேறும் பாட்டையும் அறிஞர் இயற்றும் நூலையும் அமர்த்திய அதே வரிசையில், திண்ணையிலும் அடுப்பங்கரையிலும் பிள்ளைகளை நோக்கி வீசப்பெறும் விடுகதைக்கும் ஓர் இருக்கை இட்டு வைத்த இலக்கணம் இது. உரை என்னும் பகுதியை விரிக்குங்கால் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உரையின் நால்வகையுள் பொய்ம்மொழியையும் நகைமொழியையும் சேர்க்கிறார். அவ்வுரையை மீண்டும் இருகூறாக்கி, ஒன்று செவிலிக்கு உரியது, மற்றது யாவர்க்கும் பொது என்கிறார். இவ்விரு கூறும் யாவை என்பதில் உரையாசிரியர் விளக்கங்கள் ஒருபுறம் இருக்க, பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கென்றே ஓர் இலக்கிய வகையை எழுதி வைத்த இலக்கணநூல் பிற மொழிகளில் உண்டா என்பதை ஒப்பிலக்கியம் பயில்வோர் தேடிப் பார்க்கலாம்.

பொய்ம்மொழி இன்னதென்று காட்ட, 13-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் பேராசிரியர் ஒரு சான்று தருகிறார். யானை ஒன்றும் குருவி ஒன்றும் தம்முள் நட்புக் கொண்டன, இன்ன இடத்துக்குச் சென்றன, இன்னவாறு செய்தன. இவ்வாறு இயையாத பொருளைத் தொடர்ந்து சொல்லி, ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கற்று, வழிவழியாக வருவன அவை என்பது அவர் உரையின் சாரம். யானையும் குருவியும் எங்கே சென்றன, சென்று என்ன செய்தன என்பதை அவர் சொல்லவில்லை. உரையெழுதுவோர்க்கு அது வேண்டுவதும் அன்று. ஆயினும் அவர் விட்டுச்சென்ற அந்த இரண்டு வெற்றிடங்களிலேதான் இல்லத்துக் கதைவிளையாட்டு முழுவதும் நிகழ்கிறது. எவ்விடம் என்று ஒரு குழந்தை கேட்கும். சொல்பவள் ஓர் இடத்தைச் சொல்வாள். அங்கே குருவிக்குக் கூடு உண்டு, யானை எங்கே படுக்கும் என்று அடுத்த வினா எழும். கதை அப்போதே பிறக்கிறது. இரண்டாம் நாள் அதே கதை வேறாகப் பிறக்கிறது.

மற்றொரு செய்தியும் நோக்கற்பாலது. யானையும் குருவியும் என்னும் இணை தற்செயலாக அமைந்ததன்று. பருமையால் ஒன்றற்கொன்று நெடுந்தொலைவில் நிற்கும் இரண்டைக் கொணர்ந்து நட்பென்னும் ஒரு சொல்லால் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொலைவுதான் கற்பனையை ஓட வைக்கிறது. யானையும் எருமையும் நட்பாடின என்றால் குழந்தை கேட்டுவிட்டுத் தூங்கிப் போகும்.

திங்களுக்குப் பால்

கதை கேட்டு உண்ணும் குழந்தைகள் சங்கப் பாடல்களிலேயே நடமாடுகின்றனரா என்று வினவினால், உண்ண மறுத்து ஓடும் குழந்தை உறுதியாகவே உண்டு. நற்றிணையில் போதனார் பாடிய பாட்டில், பொற்கலத்தில் பாலேந்திய நரைத்த கூந்தற் செவிலியர் மூச்சிரைக்கப் பின்தொடர, சிறுமி பந்தரை நோக்கி ஓடிவிடுகிறாள். அங்கே கதை இல்லை. ஓட்டம் மட்டுமே உண்டு. அகநானூற்றின் 54-ஆம் பாட்டிலோ விளையாட்டே உருப்பெற்று விடுகிறது. வினைமுடித்து மீளும் தலைவன் தன் மனைவி பிள்ளையோடு பேசிய பேச்சை நினைவுகூர்கிறான். அவள் வானத்துத் திங்களை நோக்கி, பொன்தாலி அணிந்த தன் மகனோடு விளையாட வந்தால் உனக்கும் பால் தருவேன் என்று ஆசைகாட்டுகிறாள். மாற்றூர் கிழார் மகனார் கொற்றங்கொற்றனார் பாடியது இது. தாய் இங்கே முழுக்கதை எதையும் சொல்லவில்லை. திங்களைக் காது கேட்கும் ஓர் ஆளாக்கினாள். அதற்குப் பசி உண்டு என்றாள். மிச்சத்தைப் பிள்ளையிடம் விட்டுவிட்டாள்.

இந்தப் பாலும் பேச்சும் பின்னர்ப் பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணனுக்காக நிலவை அழைக்கும் யசோதையின் குரலாயிற்று. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவமாக இலக்கணம் பெற்றது. சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் நிலவை அழைக்க வேண்டும் என்ற வரையறை ஏற்பட்டதும், ஒரு தாய் மூச்சுவிடும் நேரத்தில் செய்த செயல் புலவர்க்கு அரிய தேர்வாகிவிட்டது. அம்புலி பாடுவது புலி என்று புலவர்கள் அஞ்சிய வழக்கும் எழுந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியனவும் விளையாட்டின் பெயர்களே. சிற்றில் என்பது மணலில் வீடு கட்டி, மணலைச் சோறாக்கி, இல்லாத விருந்தினரை அழைத்து உண்பிக்கும் நாடகம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் அந்தச் சிறுவீட்டைச் சிதைக்க வேண்டாமென்று கண்ணனிடம் மன்றாடுவதை அடியார்கள் பக்தியாகக் காண்பர். பிள்ளை வளர்த்தோர் அறிவது வேறொன்றும் உண்டு. கட்டியவளுக்கு அது மெய்யாகவே வீடு. காலால் எற்றுபவனுக்குத்தான் அது மணல்.

நிலவைப் பற்றிய கற்பனை ஏட்டுக்கு வெளியிலும் வளர்ந்தது. அதன் களங்கத்தில் முயலைக் கண்டார்கள். வடை சுடும் பாட்டியைக் கண்டார்கள். 1947-ஆம் ஆண்டு ஜூலையில் நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோர் முயற்சியால் சென்னையிலிருந்து குழந்தைகளுக்கான இதழ் ஒன்று புறப்பட்டபோது, அதற்கு அம்புலிமாமா என்னும் பெயரே பொருந்தியது.

கேட்பவன் கை

இல்லத்துக் கதையைச் சொல்பவரின் கலையாகவே ஆய்வுலகம் நெடுங்காலம் நோக்கி வந்துள்ளது. கதைவகை, கதைக்கூறு, பாத்திரம் என அட்டவணைகள் எழுந்தன. ஆயின் அது கேட்பவரின் கலையுமாகும். தமிழ்நாட்டில் கதை கேட்கும் பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். சொல்பவர்க்கு அது பிள்ளை விழித்திருப்பதன் அடையாளம். பிள்ளைக்கோ கதையை நடத்தும் அதிகாரம். உம்மை இழுத்துச் சொன்னால் ஐயம், விரைந்து சொன்னால் அவசரம், கேள்வியாக உயர்த்தினால் சொல்பவர் விளக்கியாக வேண்டும். ஒற்றை எழுத்தும் அதன் மெய்யும் கொண்டு இத்துணைத் திறனாய்வு செய்யும் வாசகரை எந்தக் கவிஞர் பெற்றிருக்கிறார்!

பேச்சு வராத குழந்தைக்கும் கதையில் ஒரு பங்கு உண்டு. அதன் உள்ளங்கையே அடுப்பாகவும் சட்டியாகவும் ஆகிறது. தாய் தன் முழங்கையை மத்தாக்கி அதில் பருப்புக் கடைகிறாள். ஒவ்வொரு விரலாக மடக்கி வீட்டிலுள்ளோர்க்கெல்லாம் பரிமாறுகிறாள். பின்னர் நண்டும் நரியும் கையேறி அக்குளை அடையக் குழந்தை சிரிக்கிறது. உலை, உணவு, உறவு, விருந்து, விலங்கு எல்லாம் ஒரு சாண் கையில் நிகழ்கின்றன. பருப்பு அங்கே இல்லை என்பதை ஓராண்டுக் குழந்தையும் அறியும். அறிந்தே கையை நீட்டுகிறது. கற்பனையின் முதல் உடன்படிக்கை இதுவே எனலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்குத் தன் பெயரை மறந்த ஈயின் கதை வருகிறது. வீடு மெழுகிக் கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்து போகிறது. கன்றைக் கேட்கிறது, கன்றின் தாயைக் கேட்கிறது, தாயை மேய்ப்பவனை, அவன் கைக்கோலை, கோல் வளர்ந்த மரத்தை, மரத்தில் அமர்ந்த கொக்கை, கொக்கு குளிக்கும் குளத்தை, குளத்து மீனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னைய பெயர்கள் அனைத்தையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டே புதியதைச் சேர்க்க வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கிறது. அக்கனைப்பிலேயே ஈ தன் பெயரைக் கண்டுகொள்கிறது. அந்தாதியின் அமைப்பை இதைவிட இனிதாகக் கற்பிக்கும் பாடநூல் இல்லை. பொருளும் இலேசானதன்று. தன் பெயரைத் தானே அறியாத ஒன்று, உலகம் முழுவதும் சுற்றி, ஒன்றை ஒன்று பற்றி நிற்கும் உயிர்த்தொடரைக் கண்டு, இறுதியில் தன்னை அழைக்கும் ஒலியைச் சென்றடைகிறது. தத்துவம் பயின்றோர் இதற்கு உரையெழுதாமல் விட்டது பிள்ளைகளின் நற்பேறு.

விடுகதைக்கு வருவோம். நெல்லைச் சீமையில் அழிப்பான் கதை என்றும், யாழ்ப்பாணத்தில் நொடி என்றும் அது வழங்குகிறது. ஒப்புமையால் அமைவது, தோன்றுவது ஒன்றைக் கூறி மற்றொன்றைத் துணிய வைப்பது எனத் தொல்காப்பியம் பிசியை இரண்டாகக் காண்கிறது. பேராசிரியர் காட்டும் பிசி ஒன்றில் மலை நடக்கிறது. அதன் வாயில் பிறை இருக்கிறது. யானை என்று விடை கண்டபின், அப்பிள்ளைக்குத் தெருவில் வரும் யானை முன்போல் தோன்றுவதில்லை. கவிஞன் உவமேயத்தைச் சொல்லி உவமத்தால் அதை ஒளிரச் செய்கிறான். விடுகதை உவமத்தை மட்டும் கையில் தந்து உவமேயத்தைத் தேடிவா என்கிறது. அரிய பாதியைக் குழந்தையிடமே ஒப்படைக்கிறது. உள்ளுறையும் இறைச்சியும் கற்பதற்கு முன்னரே தமிழ்க் குழந்தை அவற்றின் வாயிலைக் கடந்துவிடுகிறது. இவண் இலக்கிய வட்டத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றுண்டு. புதுக்கவிதை படிமத்தைக் கொண்டாடிய பல்லாண்டுகளில் எஸ்ரா பவுண்டின் பெயர் பலகாலும் எடுத்தாளப்பட்டது. வீட்டுப் பிசியை நினைத்தோர் சிலரே.

ஏ.கே. இராமானுசன் கன்னட நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்து 1986-இல் எழுதிய கட்டுரையில், அவற்றைப் பிரித்துக்காட்டச் சங்க இலக்கியத்தின் அகம், புறம் என்னும் இரு சொற்களையே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள், பெரும்பாலும் பெண்கள், அடுக்களையருகே பிள்ளைகளுக்குச் சோறூட்டுங்கால் சொல்லும் கதைகள் அகம். மன்றத்தில் தொழிற்கலைஞர் நிகழ்த்துவன புறம். அகக்கதைகளில் மாந்தர்க்குப் பெயர் இல்லை என்பதை அவர் சுட்டினார். ஓர் ஊரில் ஓர் அரசன், அவனுக்கு இரண்டு மனைவியர், அவ்வளவே. அகத்திணைத் தலைமக்களையும் பெயர் சுட்டி உரைத்தல் ஆகாது என்பது தமிழ் மரபன்றோ! பெயரற்ற அந்த அரசனின் இடத்தில் கேட்கும் பிள்ளை தன்னை வைத்துக்கொள்கிறது. அகம் என்னும் சொல்லுக்கு வீடு என்றும் பொருள் உண்டு என்பதை அவர் மறக்கவில்லை.

இவை கூறுவதால் பாட்டிமார் கதைகள் யாவும் பொன் என்று கொள்ளவேண்டா. மாற்றாந்தாயை அரக்கியாக்கிய கதைகள் பல. சாதிப் பெயரையே நகைச்சுவையாக்கியனவும், உடற்குறையை எள்ளியனவும் அவற்றுள் உண்டு. செவிலி என்பவளும் சங்க இல்லத்தில் சார்ந்து வாழ்ந்தவளே. அவள் சொன்ன கதைகளுள் எத்தனை அவள் விரும்பிச் சொன்னவை என்று எவரும் கேட்டதில்லை. ஆயின் வாய்மொழிக்கு ஒரு மருந்து அதனுள்ளேயே இருந்தது. அடுத்த இரவில் அதை மாற்றிச் சொல்லலாம்.

அச்சில் ஏறிய கதை

அச்சு வந்தது, அதனோடு ஒரு திருப்பமும் வந்தது. வீரமாமுனிவர் 1744-இல் எழுதிய பரமார்த்த குரு கதையை பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் இலண்டனில் ஆங்கிலப் பெயர்ப்போடும் சொற்கோவையோடும் பதிப்பித்தார். சென்னைக் கல்விச் சங்கத்தின் தலைமைத் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார், மராட்டியிலிருந்து பஞ்சதந்திரக் கதையை வசனமாகப் பெயர்த்தார்; அது 1826-இல் வெளிவந்தது. இவ்விரண்டும் இன்று குழந்தை நூல்களாகக் கொள்ளப்படுகின்றன. பதிப்பித்தோர் நோக்கில் அவை தமிழ் கற்கவந்த ஐரோப்பியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய பாடநூல்கள். தமிழ்க் கதை அச்சுலகில் நுழையும்போதே ஆசிரியரின் பிரம்போடு நுழைந்தது எனின் மிகையன்று. பின்வந்த பள்ளிப் புத்தகங்களில் கதையின் அடியில் ஒரு கோடு இழுத்து 'நீதி' என ஒரு வரி சேர்ந்தது. விடுகதைத் தொகுப்புகளில் விடை பக்கத்தின் அடியிலேயே தலைகீழாக அச்சாயிற்று. புத்தகத்தைத் திருப்பினால் விடை. தோற்கவேண்டியதில்லை, தோல்வியை ஒப்புக்கொள்ளும் இன்பமும் இல்லை. யானையும் குருவியும் சென்ற இடத்தை அச்சு நிரப்பிவிட்டது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் சற்று முன்னர், பண்டித நடேச சாஸ்திரியார் தென்னிந்திய நாட்டுக்கதைகளைத் திரட்டி 1884 முதல் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். இல்லத்துக் கதை தமிழ்க் குழந்தையின் கைக்கு நூலாக வருமுன் ஆங்கில வாசகரின் நூலகத்தை அடைந்துவிட்டது. தொகுத்தோர்க்கு நன்றி உரியது. ஆயின் முகப்பில் அச்சான பெயர்கள் பெரும்பாலும் ஆடவர் பெயர்கள். சொன்னவர் பெயரற்ற பெண்டிர். செவிலிக்கு உரியதென்ற இலக்கணத்தை அச்சகம் படிக்கவில்லை.

அச்சு எல்லாவற்றையும் கெடுத்ததென்பது நேர்மையாகாது. அம்புலிமாமாவில் பல்லாண்டுகள் வந்த வேதாளக் கதைகள் இதற்கு மறுப்பு. வேதாளம் கதை சொல்லி முடித்து ஒரு வினா எழுப்பும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை சிதறும். பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். மன்னன் பேசுமுன் பக்கத்தை மூடிவிட்டுத் தம் விடையைச் சொல்லிப்பார்த்த பிள்ளைகளுக்கு அவ்விதழ் ஒரு பிசியாகவே பயன்பட்டது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்த அழ. வள்ளியப்பா, வாயால் பாடினாலன்றிச் சுவைக்காத பாடல்களை எழுதினார். பெ. தூரன் குழந்தைகளுக்கெனப் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் சமைத்தார். சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த வழவழப்பான கதைநூல்கள் சிற்றூர் மாணவரின் கையிலும் குறைந்த விலைக்குக் கிடைத்த காலமும் ஒன்று உண்டு.

அந்நாட்டிலேயே கதைக்கு ஒரு வழக்கு நடந்தது. 1920-களில் அங்குள்ள கல்வியாளர் பலர், மாயக்கதைகள் பிள்ளைகளுக்கு உலகைப் பொய்யாகக் காட்டுகின்றன எனத் தடுத்தனர். கோர்னேய் சுகோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் குழந்தைப்பாட்டை 1928-இல் லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயா 'பிராவ்தா' இதழில் கண்டித்தெழுதினார். சுகோவ்ஸ்கி 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற நூலில் விடை தந்தார். குதிரைக்குக் கொம்பு என்று கேட்டுச் சிரிக்கும் குழந்தை, குதிரைக்குக் கொம்பில்லை என்பதை நன்கு அறிந்தே சிரிக்கிறது. மெய்யை உறுதியாகப் பற்றியவர்க்கே பொய் விளையாட்டாகும் என்பது அவர் வாதம். பொய்ம்மொழிக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர்க்கு இத்தகைய வாதம் செய்யும் தேவை நேரவில்லை.

இத்தாலியில் ஜான்னி ரொடாரி என்பார், ரொட்டி சுடுபவரின் மகனாய் 1920-இல் பிறந்தவர், 1972-இல் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து ஆசிரியர்களோடு சில நாட்கள் உரையாடி, அடுத்த ஆண்டே 'கற்பனையின் இலக்கணம்' என்னும் நூலை வெளியிட்டார். அதன் மையக்கருத்து மிக எளியது. தம்முள் தொடர்பில்லாத இரு சொற்களைக் குழந்தையின் முன் வைக்க வேண்டும். நாய் என்பது ஒன்று, அலமாரி என்பது மற்றொன்று. இரண்டையும் ஏதேனும் ஒரு வேற்றுமையால் இணைத்தால் கதை தானே எழும். அலமாரியின் நாய், அலமாரிக்குள் நாய், அலமாரி சுமந்த நாய். பேராசிரியரின் யானையும் குருவியும் இதற்கு 700 ஆண்டுகள் முந்திய இணை. விடுகதை படைக்கும் முறையையும் ரொடாரி படிப்படியாகக் காட்டினார். பொருளை முதன்முறை காண்பவர்போல் அயலாக்கிக் காண்பது முதற்படி, பின்னர் அதற்கு ஒப்பானதைத் தேடுவது, முடிவில் உருவகமாக்குவது. தமிழ் இல்லங்கள் இதனை நூலின்றிச் செய்துவந்தன. நூலாக்கிய பெருமை அவர்க்கு உரியது. விடுகதையைத் தொகுத்தல் என்பதோடு நின்று, விடுகதையைப் புதிதாகப் படைக்கப் பிள்ளைகளைப் பழக்கும் எண்ணம் தமிழ்க் கல்வியுலகில் வேரூன்றாமற் போனது ஒரு குறையே.

உப்பனாற்றங்கரை

கடலூர்க்குக் கற்பனை புதிதன்று. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-இல் பிறந்ததும் கடலூரிலேதான். முன்னவரின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைத் தாத்தா என்றழைத்துத் தன் ஆட்டத்துக்கு இழுக்கும் சிறுமி, திங்களுக்குப் பால் தருவதாகச் சொன்ன அகநானூற்றுத் தாயின் வழித்தோன்றல். வடக்கே சில கல் தொலைவில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் கி. ராஜநாராயணன், பட்டம் எதுவும் பெறாத கரிசல் விவசாயி, பேராசிரியராக அமர்ந்து, மாணவர்களை அவரவர் ஊர்ப்பாட்டிகளிடம் அனுப்பிக் கதை கேட்டுவரச் செய்தார். புதுவை வட்டாரக் கதைகள் நூலாயின. 2021 மே 17 அன்று தம் 98-ஆம் வயதில் அவர் மறையும்வரை கதை சேர்ப்பதை விடவில்லை. பெரியோர் மட்டுமே கேட்கத்தக்க கதைகளையும் அவர் விடாது தொகுத்தார் என்பது இவ்விடத்தில் சொல்லவேண்டாதது. ஆயினும் சொல்லாமல் விட்டால் அவரே கோபித்திருப்பார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றுக்கும் சாலைக்கும் இடையே நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம் 1971-இல் தோன்றியது. அதன் கடலூர்ப் பேட்டையில் 1980-களில் இரசாயன ஆலைகள் எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம் என்பன ஆலைகளின் அண்டை ஊர்கள். பெயரிலேயே சங்கின் ஒலியை வைத்திருக்கும் ஊருக்கு ஆலைச்சங்கும் நேரம் அறிவிக்கத் தொடங்கியதைக் கவிஞர்கள் தற்செயல் என்று விட்டுவிட மாட்டார்கள். உழவும் மீன்பிடியும் இருந்த இடத்தில் ஒருநாள் மூன்று முறைகளாகப் பிரிந்தது. கதை சொல்லும் பொழுதாகிய விளக்கு வைத்த நேரம், ஒருவர்க்கு வேலைப்பொழுது, ஒருவர்க்கு உறக்கப்பொழுது, ஒருவர்க்குப் பேருந்துப்பொழுது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய இல்லங்களில் பாட்டி சொந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். அவள் இருந்த மூலையில் முதலில் தொலைக்காட்சி அமர்ந்தது. பின்னர்க் கைப்பேசி குழந்தையின் மடிக்கே வந்துவிட்டது. திரையில் வரும் கதை நன்றாகவே இருக்கலாம். அது உம் கேட்பதில்லை.

அவ்வூர் மக்களின் வாழ்வில் விடுகதையின் வேலை எதிர்பாராத ஓரிடத்தில் நிகழ்ந்ததையும் இவண் சுட்ட வேண்டும். ஆலைக்காற்றில் கலந்து வருவது இன்னதென்று அறியாத ஊர்மக்களுள் சிலர், 2004-இல் பயிற்சி பெற்று, வாளியும் பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பத் தொடங்கினர். எந்நேரத்தில் எத்திசையில் என்ன நாற்றம் வந்ததென்று குறித்தனர். பெயர் தெரியாத ஒன்றைக் குறிக்க அவர்களிடம் இருந்தது ஒப்புமை ஒன்றே. அழுகிய முட்டை போல, அழுகிய முட்டைக்கோசு போல, நகப்பூச்சுப் போல என்று சொன்னார்கள். அழுகிய முட்டையின் நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுக்குரியது என்பதை வேதியியல் அறியும். ஒப்பொடு புணர்த்துச் சொல்லித் தெரியாததைத் துணிய வைத்தல் பிசியின் இலக்கணம். அதற்கு விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஒப்புமை காணும் திறன் கவிதைக்கு மட்டும் அணியென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. உயிர் தப்பிய பிள்ளைகள் பலர் பேசாமல் ஆயினர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடலோரத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தபோது படம் வரைதல், களிமண் பிசைதல், கதை சொல்லுதல், விளையாட்டு ஆகியவற்றையே பிள்ளைகளுக்குரிய மருத்துவமாகக் கற்பித்தனர். நடந்ததை நேரே கேட்டால் வாய் திறவாத பிள்ளை, ஒரு மீனுக்கோ ஒரு நாய்க்குட்டிக்கோ நேர்ந்ததாகச் சொல்லத் தொடங்கினால் மெல்லத் தன் கதைக்கு வந்துசேரும். பொய்ம்மொழி மெய்யைச் சுமந்து செல்லும் ஊர்தியாவது இவ்வாறே. கதைவிளையாட்டைப் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் அந்த நாட்களை நினைவிற் கொள்ளுதல் தகும்.

முறைப்பணி இல்லத்துக்குப் பொருந்தும் கதைவிளையாட்டு எது என்னும் வினா எஞ்சுகிறது. நெடுங்கதைக்கு நேரம் இல்லை. ஈயின் கதைக்கும் ஒரு கூட்டம் வேண்டும். பண்ருட்டிப் பொம்மைகள் பரணிலிருந்து இறங்கும் நவராத்திரி நாட்களில் கொலுப்படிமுன் ஒருவேளை கூட்டம் சேரலாம். நாள்தோறும் நிகழக்கூடியது விடுகதை. அரைநிமிடமே அதற்குப் போதும். விடுகதை என்னும் சொல்லிலேயே விட்டுச்செல்லுதல் அடங்கியிருக்கிறது. இரவு முறைக்குப் புறப்படும் தந்தை, செருப்பை மாட்டிக்கொண்டே வாயிலில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம். விடை காலைச் சங்கு ஊதியபின் அவரோடு திரும்பி வரும். இடைப்பட்ட எட்டுமணி நேரத்தில் பிள்ளை பானையைக் கேட்கும், பல்லியைக் கேட்கும், தாயைக் கேட்கும், சன்னலுக்கு வெளியே எரியும் ஆலை விளக்கைக் கேட்கும். அது கண்டெடுத்து வைத்திருக்கும் விடைகளுள் ஒன்றிரண்டு, தந்தை அறிந்திருந்த விடையைவிட நல்லனவாகவும் இருக்கும்.